வாக்குச்சாவடியிலிருந்து தலைநகர் வரை: கென்யத் தேர்தல்களில் தகவலும் தொழில்நுட்பமும்

தேர்தல் காலத்தில் தகவல் இரண்டு திசைகளில் செல்கிறது. கட்சிகளிடமிருந்தும் செய்தித்தாள், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றிலிருந்தும் வாக்காளரை நோக்கி வருவது ஒன்று. வாக்குப்பதிவு முடிந்தபின் சில நூறு பேரின் தீர்ப்பு ஓர் எண்ணாகத் திரண்டு, வாக்குச்சாவடியிலிருந்து தொகுதி மையத்துக்கும் அங்கிருந்து தலைநகருக்கும் ஏறிச் செல்வது மற்றொன்று. தொழில்நுட்பமும் உலகமயமாதலும் மக்களாட்சியை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்வோர் பெரும்பாலும் முதல் திசையைப் பற்றியே பேசுகின்றனர். பொய்ச்செய்தி, வெறுப்புப் பேச்சு, ஆளறிந்து அனுப்பப்படும் விளம்பரம் ஆகியவை குறித்த நூல்களுக்குக் குறைவில்லை. இரண்டாம் திசையும் அதே அளவு கவனத்துக்குரியது. வாக்காளர் எவ்வளவு தெளிந்து வாக்களித்திருந்தாலும், அவர் சாவடியின் எண் போகும் வழியில் மாறிவிட்டது என்ற ஐயம் வேரூன்றிவிட்டால், அந்தத் தெளிவினால் நாட்டுக்கு எந்தப் பயனும் விளைவதில்லை.

இந்த இரண்டாம் திசையை ஆராய்வதற்குக் கென்யாவை விடப் பொருத்தமான நாடு அரிது. 2007 முதல் 2022 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் அந்நாடு நான்கு பொதுத் தேர்தல்களையும் ஒரு மறுதேர்தலையும் நடத்தியது. ஒவ்வொன்றின் பின்னும் சட்டத்தைத் திருத்தியது. பிரான்ஸ், கனடா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், கிரேக்கம் எனப் பல நாடுகளிலிருந்து கருவிகளையும் தாள்களையும் கடனையும் பெற்றது. அதிபர் தேர்தல் ஒன்றை நீதிமன்றத்தின் வழியே ரத்து செய்த முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெயரையும் அடைந்தது. எண்ணிக்கையின் ஆதாரம் எந்தக் கட்டத்தில், யாருடைய கண்ணுக்குத் திறந்திருக்கிறது என்பதே ஒரு தேர்தலின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதும், கருவியின் வேகமும் விலையும் நவீனமும் அதற்குப் பின்னரே வரும் என்பதும் இந்த வரலாற்றிலிருந்து தெளிவாகின்றன.

2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலில் பதவியிலிருந்த அதிபர் ம்வாய் கிபாக்கியும் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவும் போட்டியிட்டனர். கென்யாவில் வாக்குகள் அந்தந்த வாக்குச்சாவடியிலேயே எண்ணப்படுகின்றன. அங்கே கிடைக்கும் எண்கள் தொகுதி மையத்தில் கூட்டப்பட்டு நைரோபிக்கு வந்துசேர வேண்டும். தொடக்கத்தில் ஒடிங்கா முன்னிலையில் இருந்தார். பல தொகுதிகளின் முடிவுகள் தாமதமாயின. தாமதித்து வந்த எண்கள் கிபாக்கிக்குச் சாதகமாக இருந்தன. டிசம்பர் 30 அன்று கிபாக்கி வென்றதாக அறிவிக்கப்பட்டு, அன்று மாலையே அவர் பதவியேற்றுக்கொண்டார். அதே நாளில் நேரடி ஒளிபரப்புகளுக்கு அரசு தடை விதித்தது. அதைத் தொடர்ந்த வன்முறையில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர்; பல லட்சம் பேர் வீடிழந்து முகாம்களில் ஒதுங்கினர். உண்மையில் வென்றவர் யார் என்பது தமக்குத் தெரியாது என்று தேர்தல் ஆணையத்தின் தலைவரே பின்னர் கூறினார்.

தென்னாப்பிரிக்காவின் ஓய்வுபெற்ற நீதிபதி யோஹான் கிரீக்லர் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2008 செப்டம்பரில் அளித்த அறிக்கை, எண்ணிக்கையும் தொகுப்பும் பதிவேடுகளும் அளவுகடந்து சீர்கெட்டிருந்தமையால் வெற்றி பெற்றவர் யார் என்பதை இனி எவராலும் கண்டறிய இயலாது என்ற முடிவுக்கு வந்தது. வென்றவர் இன்னார், தோற்றவர் இன்னார் என்று சொல்லியிருந்தால் ஒரு தரப்பேனும் ஆறுதல் அடைந்திருக்கும். உண்மை இருந்த இடமே அழிந்துவிட்டது என்ற இந்த முடிவு அதைவிடக் கொடியது. சாவடி வாரியான எண்களை எந்தக் குடிமகனும் பார்த்துக் கூட்டிச் சரிபார்க்கும் வழி அன்று இருந்திருந்தால், தொகுதி மையத்திலோ நைரோபியிலோ எண்கள் மாறியிருப்பின் அது சில மணி நேரத்தில் வெளிப்பட்டிருக்கும். எல்லா எண்களும் ஒரே அறைக்குள் சென்று, அறிவிப்பாக மட்டும் வெளியே வந்ததால், அறிவிப்பை நம்புவது அல்லது நம்ப மறுப்பது என்ற இரண்டே வழிகள் மக்களுக்கு எஞ்சின.

அரசு ஒளிபரப்பை நிறுத்திய அந்த நாட்களில், ஓரி ஒகொல்லோ, எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா ஆகியோர் உஷாகிடி என்னும் இணைய வரைபடத்தை உருவாக்கினர். சுவாகிலி மொழியில் சாட்சியம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அந்தத் தளத்துக்கு, கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் எவரும் தம் ஊரில் நடந்த தாக்குதலைத் தெரிவிக்கலாம். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பதியும். கென்யர்களின் தேவையிலிருந்து பிறந்த இந்த மென்பொருள் 2010இல் ஹெய்ட்டியின் நிலநடுக்க மீட்புப் பணி வரை பிற நாடுகளுக்கும் பயணம் செய்தது. வளர்ந்த நாடுகள் படைப்பதும் ஆப்பிரிக்கா வாங்குவதும் மட்டுமே உலகமயமாதல் என்ற எண்ணத்தை மறுப்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

கிரீக்லர் ஆணையத்தின் பரிந்துரைகளும் அன்றைய மனக்காயமும் சேர்ந்து 2010 ஆகஸ்டு 27 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பை வடிவமைத்தன. அதன் 35ஆம் பிரிவு, அரசிடம் உள்ள தகவலைப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அடிப்படை உரிமையாக வழங்கியது. 86ஆம் பிரிவு, எந்த வாக்களிப்பு முறையைப் பின்பற்றினாலும் அது எளிமையானதாகவும் துல்லியமானதாகவும் சரிபார்க்கத் தக்கதாகவும் பாதுகாப்பானதாகவும் பொறுப்புக்கூறத் தக்கதாகவும் வெளிப்படையானதாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. இந்தப் பிரிவில் கணினி என்ற சொல் வரவில்லை என்பது கவனிக்கத் தக்கது; கருவி எதுவாயினும் அது நிறைவேற்ற வேண்டிய கடமைகளே அதில் எழுதப்பட்டுள்ளன. ஏழாண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம் கையிலெடுத்த அளவுகோல் இதுவே. ஏறத்தாழ அதே காலத்தில், 2009இல், சீகாம், டீம்ஸ் ஆகிய கடலடி ஒளியிழைக் கேபிள்கள் மொம்பாசாத் துறைமுகத்தில் கரையேறின. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த கென்ய இணையம் உலகோடு நேராக இணைந்தது. உரிமை சட்டத்தில் ஏறிய காலத்திலேயே அதைச் செயற்படுத்தும் கம்பியும் கரைக்கு வந்து சேர்ந்தது.

இருப்பினும் 2013 மார்ச் தேர்தல் ஏமாற்றத்தையே அளித்தது. கைரேகையைக் கொண்டு வாக்காளரை அடையாளம் காணும் பயோமெட்ரிக் பதிவுக் கருவிகள், கனடாவின் வழியே ஏற்பாடு செய்யப்பட்ட கடனைக் கொண்டு, பிரான்சின் மார்ஃபோ நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டன. வாக்குப்பதிவு நாளில் அடையாளம் காணும் கருவிகள் பல சாவடிகளில் மின்கலம் தீர்ந்து நின்றன. சாவடிகளாக இயங்கிய பள்ளி வகுப்பறைகள் பலவற்றில் மின் இணைப்பே கிடையாது. முடிவுகளை அனுப்பும் அமைப்பில் இருந்த மென்பொருள் பிழை செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையை எட்டு மடங்காகப் பெருக்கிக் காட்டியது. கடைசியில் அதிகாரிகள் தாள்களைத் தூக்கிக்கொண்டு நைரோபிக்கு வர நேர்ந்தது. அதிபர் வேட்பாளர் உகுரு கென்யாட்டா 50.07 விழுக்காடு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. முதல் சுற்றிலேயே வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்குகள் தேவை என்பதால், ஒரு விழுக்காட்டின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இந்த வேறுபாட்டின் மீது நாட்டின் முழு நம்பிக்கையும் நிற்க வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது.

கருவி வாங்குதலின் இன்னொரு முகம் லண்டனில் வெளிப்பட்டது. வாக்குச்சீட்டு அச்சிடும் ஸ்மித் அண்ட் ஔஸ்மன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், ஒப்பந்தங்களைப் பெறுவதற்காகக் கென்யாவிலும் மொரிடேனியாவிலும் அதிகாரிகளுக்குக் கையூட்டு கொடுத்தது என்று 2014 டிசம்பரில் அங்குள்ள நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. கையூட்டைக் குறிக்கக் ‘கோழி’ என்ற மறைசொல் கடிதப் போக்குவரத்தில் பயன்படுத்தப்பட்டதால் கென்யச் செய்தித்தாள்கள் அந்த ஊழலுக்குக் கோழியின் பெயரையே வைத்தன. தேர்தல் என்பது ஒரு நாட்டின் இறையாண்மைச் செயல் என்று சட்டநூல்கள் கூறினாலும், அதன் உறுப்புகள் உலகச் சந்தையில் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கப்படும் பண்டங்களாகிவிட்டன. விற்பவருக்கு அந்த நாட்டு வாக்காளரிடம் எந்தக் கடப்பாடும் இல்லை. வாங்கும் அதிகாரியோடு மட்டுமே அவருக்கு உறவு. இந்த உறவின் முழு விளைவு 2017இல் தெரிந்தது.

2017 ஆகஸ்டு 8 தேர்தலுக்காக, மார்ஃபோவின் வழிவந்த ஓடி-மார்ஃபோ நிறுவனம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைக்கணினிகளை வழங்கியது. வாக்காளரை அடையாளம் காண்பது, முடிவை எண்ணாக அனுப்புவது, முடிவுத் தாளின் ஒளிப்படத்தை அனுப்புவது ஆகிய மூன்றும் ஒரே கருவியில் நடக்கும். அந்த முடிவுத் தாளே 34ஏ படிவம் எனப்படுவது. சாவடியில் எண்ணிக்கை முடிந்தவுடன், ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தலைமை அலுவலர் கையால் எழுதி, தாமும் கட்சி முகவர்களும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைச் சாவடிக் கதவிலேயே ஒட்ட வேண்டும். தொகுதி மையம் இவற்றைக் கூட்டி 34பி படிவத்தையும், தேசிய மையம் அவற்றைக் கூட்டி 34சி படிவத்தையும் தயாரிக்கின்றன. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், ஜூன் மாதத்தில், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தெளிவான விதியை நிறுவியது: சாவடியில் அறிவிக்கப்பட்ட எண்ணே இறுதியானது, அதைத் திருத்த நைரோபியில் இருப்பவருக்கு அதிகாரம் இல்லை. குடிமை உரிமை ஆர்வலர் மைனா கியாயும் பிறரும் தொடுத்த இந்த வழக்கு, அதிகாரத்தைத் தலைநகரிலிருந்து ஊர்ப்பள்ளியின் வகுப்பறைக்கு இறக்கிக் கொண்டுவந்தது எனலாம்.

வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், முடிவுகளை அனுப்பும் அமைப்புக்குப் பொறுப்பாக இருந்த, தேர்தல் ஆணையத்தின் தகவல்தொழில்நுட்ப மேலாளர் கிறிஸ் ம்சாண்டோ சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். நிர்வாகத்தின் அடுக்குகளில் பெரிதும் அறியப்படாத ஒரு பதவி, ஒரு நாட்டின் அதிகாரப் போட்டி முழுவதையும் தாங்கும் இடமாக மாறிவிட்டதை அந்தக் கொலை உணர்த்தியது. அந்த மனிதரின் மரணத்துக்கு நீதி கேட்காமல் கென்யத் தேர்தல் தொழில்நுட்பத்தைப் பற்றி எவரும் பேசிவிட முடியாது.

வாக்குப்பதிவு நாளன்று மாலையிலேயே ஆணையத்தின் இணையதளத்தில் எண்கள் ஓடத் தொடங்கின. கென்யாட்டா தொடக்கம் முதலே முன்னிலையில் இருந்தார். ஆனால் அந்த எண்களுக்கு ஆதாரமான 34ஏ படிவங்களின் ஒளிப்படங்கள் அவற்றோடு வரவில்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகளில் வேகமான கைப்பேசி இணைப்பு இல்லாததால் படங்களை அனுப்ப முடியவில்லை என்று ஆணையம் விளக்கியது. ஆகஸ்டு 11 அன்று, கென்யாட்டா 54.27 விழுக்காடும் ஒடிங்கா 44.74 விழுக்காடும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாட்கள் கழித்தும்கூட 5,015 சாவடிகளின், அதாவது ஏறத்தாழ 35 லட்சம் வாக்குகளின், முடிவுப் படிவங்கள் ஆணையத்தின் கையில் இருக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் பின்னர் பதிவு செய்தது. இதற்கிடையில், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெரி உள்ளிட்ட பன்னாட்டுப் பார்வையாளர்கள் தேர்தல் நடைமுறையைப் பாராட்டியிருந்தனர். வாக்குப்பதிவு நாளின் அமைதியான வரிசைகளைக் காண அவர்களால் முடிந்தது. எண்கள் ஏறிச் சென்ற வழியைக் காண அவர்களுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. வரிசையைப் பார்த்துத் தேர்தலுக்குச் சான்றிதழ் வழங்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தப் பாராட்டுகள் காட்டின.

ஒடிங்காவின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், ஆணையத்தின் சர்வர்களை, அதாவது முடிவுகள் வந்து சேர்ந்து சேமிக்கப்பட்ட மையக் கணினிகளை, மனுதாரரின் வல்லுநர்கள் மாற்றம் ஏதும் செய்ய இயலாத வகையில் பார்வையிட அனுமதிக்குமாறு ஆகஸ்டு 28 அன்று ஆணையிட்டது. அந்த ஆணை முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. கணினிச் சேவை வெளிநாட்டு நிறுவனத்தின் வசம் இருந்ததும் பாதுகாப்புக் காரணங்களும் தடையாகச் சொல்லப்பட்டன. ஒரு நாட்டின் மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற தகவலைக் காண அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் விரும்பியபோது, அதற்கான திறவுகோல் ஒப்பந்ததாரரின் கையில் இருந்தது. உலகமயமாதல் தேர்தலைப் பாதிக்கும் விதங்களுள் மிக ஆழமானது இதுவே என்று கருத இடமுண்டு. வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டுப் பிரசாரம் ஆகியவற்றைக் கண்டு நாடுகள் அஞ்சுகின்றன. ஆனால் வணிக ஒப்பந்தத்தின் இரகசியக் காப்பு விதி ஒன்று அரசியலமைப்பின் 35ஆம் பிரிவுக்கு மேலே சத்தமின்றி அமர்ந்துகொள்வதை அவை எளிதில் கவனிப்பதில்லை.

2017 செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான நீதிமன்றம் நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தேர்தலை ரத்து செய்தது. கென்யாட்டா வாக்குகளைத் திருடினார் என்று அத்தீர்ப்பு கூறவில்லை. அரசியலமைப்பு கோரிய வகையில், வெளிப்படையாகவும் சரிபார்க்கத் தக்க முறையிலும் தேர்தல் நடத்தப்படவில்லை என்றே அது கூறியது. சர்வரைத் திறக்க மறுத்ததை ஆணையத்துக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொண்டது. இணைப்பில்லாத சாவடிகளைப் பற்றிய விளக்கத்தையும், அந்தக் குறை முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்பதால், ஏற்கவில்லை. முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்த முடிவுக்கு வந்த வழியை மக்கள் காண முடிய வேண்டும் என்ற இந்த நியாயத்துக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முன்னோடியாக ஒரு ஜெர்மானியத் தீர்ப்பு உண்டு. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் பயன்படுத்தப்பட்ட நெடாப் வாக்குக் கணினிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தபோது, தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியமான படிகளைச் சரிபார்க்க இயல வேண்டும் என்ற கோட்பாட்டை வகுத்தது. வளம் மிக்க ஐரோப்பிய நாடும் வளரும் ஆப்பிரிக்க நாடும் தத்தம் வழியில் ஒரே இடத்தை வந்தடைந்தன. இதன் மறுபக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும்: 2019இல் மலாவியில் நடந்த அதிபர் தேர்தல், முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்கள் திருத்தப்பட்டிருந்ததால், 2020 பிப்ரவரியில் ரத்து செய்யப்பட்டது. தாள் தானாகவே தூய்மையைத் தந்துவிடாது; பலர் கண்ணுக்குத் திறந்து வைக்கப்படும் தாளுக்கே அந்த ஆற்றல் உண்டு.

கென்யாவில் 2017 அக்டோபர் 26 அன்று நடந்த மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார். வாக்குப்பதிவு நாற்பது விழுக்காட்டையும் எட்டவில்லை. அந்தத் தேர்தல் சட்டப்படி செல்லுபடியானது. நாட்டின் பிளவை அது ஆற்றவில்லை.

2022 ஆகஸ்டு 9 தேர்தலில் தொழில்நுட்பத்தை வழங்கியது ஸ்மார்ட்மேட்டிக் என்ற வேறொரு பன்னாட்டு நிறுவனம். வாக்குச்சீட்டுகள் கிரேக்கத்தில் அச்சாயின. கருவிகள் மாறின என்பதைவிட ஆணையம் எடுத்த ஒரு முடிவே முக்கியமானது. 46,229 வாக்குச்சாவடிகளின் 34ஏ படிவங்களையும் படமாக்கி, வந்த மாத்திரத்திலேயே எவரும் தரவிறக்கும் வகையில் பொது இணையதளத்தில் வைப்பது என்றும், அதிபர் போட்டிக்கு ஓடும் எண்களைத் தானே காட்டாமல் ஆதாரத்தை மட்டுமே முதலில் தருவது என்றும் அது முடிவு செய்தது. மறுநாளுக்குள் படிவங்களில் மிகப் பெரும்பகுதி தளத்தில் ஏறிவிட்டது. நேஷன், ஸ்டாண்டர்டு, சிட்டிசன் முதலிய ஊடக நிறுவனங்கள் ஆட்களை அமர்த்திப் படிவம் படிவமாகக் கூட்டத் தொடங்கின. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமும் தனியே கூட்டியது. கட்சிகள் தத்தம் கூடங்களில் கூட்டின. கையெழுத்து தெளிவில்லாத தாளை எப்படிப் படிப்பது, எந்தத் தொகுதியை முதலில் எடுப்பது என்ற வேறுபாடுகளால் ஒரே நேரத்தில் ஒரு தொலைக்காட்சியில் ஒருவரும் மற்றொன்றில் மற்றவரும் முன்னிலை வகித்தனர். குழப்பம் எழவே, ஊடகங்கள் தம் கூட்டலை முடிக்காமலேயே நிறுத்திக்கொண்டன. இந்த நிறுத்தம் வருந்தத் தக்கது. அதிபர் வேட்பாளர்களான ஒடிங்காவுக்கும் வில்லியம் ரூட்டோவுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியதாக இருந்த அந்த நாட்களில், முழுமையான சுதந்திரக் கூட்டல் ஒன்று பொதுவெளியில் இருந்திருப்பின் அது ஆணையத்தின் அறிவிப்புக்கு உரைகல்லாக நின்றிருக்கும். தகவல் திறந்திருந்தும், அதைக் கடைசிவரை பயன்படுத்தும் துணிவு நிறுவனங்களிடம் குறைந்துபோயிற்று.

ஆகஸ்டு 15 அன்று, ரூட்டோ 50.49 விழுக்காடும் ஒடிங்கா 48.85 விழுக்காடும் பெற்றதாக ஆணையத் தலைவர் வாஃபுலா செபுகாட்டி அறிவித்தார். ஆணையத்தின் ஏழு உறுப்பினர்களில் நால்வர் அந்த முடிவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று வெளிப்படையாக விலகிக்கொண்டனர். 2007இல் இப்படியொரு பிளவு நேர்ந்திருந்தால் நாடு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. 2022இல் எதிர்ப்புப் போராட்டங்கள் எழுந்தன. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது, நாடு காத்திருந்தது. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சர்வர்கள் ஆராயப்பட்டன. இணையதளத்தில் இருந்த படிவங்களும் நைரோபிக்கு வந்த அசல் தாள்களும் ஒப்பிடப்பட்டன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத் தக்க வேறுபாடு இல்லை என்று கண்டு, செப்டம்பர் 5 அன்று தலைமை நீதிபதி மார்த்தா கோமே தலைமையிலான அமர்வு ஒருமனதாகத் தேர்தலை உறுதி செய்தது. தீர்ப்பின் கருத்துகளோடு தமக்குக் கடும் வேறுபாடு உண்டு என்று சொன்ன ஒடிங்காவும் தீர்ப்பை மதித்தார். இந்த அமைதிக்கு 34ஏ படிவங்களின் வெளியீடு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். அரசியல் கூட்டணிகள் மாறியிருந்தன, மக்கள் வன்முறையில் களைத்திருந்தனர். ஆயினும், ஆணையம் இரண்டாக உடைந்த பிறகும் ஆதாரம் உடையாமல் நின்றது என்பதும், உறுப்பினர்களின் சொல்லை நம்பத் தேவையின்றி எவரும் தம் ஊர்ச் சாவடியின் தாளைத் திறந்து பார்க்க முடிந்தது என்பதும் சிறிய காரணங்கள் அல்ல.

முதல் திசையில், அதாவது வாக்காளரை நோக்கி வரும் தகவலில், கென்யாவின் அனுபவம் இத்தனை நம்பிக்கை தருவதாக இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனம், 2013, 2017 ஆகிய இரு தேர்தல்களிலும் கென்யாட்டாவின் தரப்புக்குப் பணியாற்றியதாகவும், கட்சிக்குப் புதுப்பெயரும் புதுத்தோற்றமும் தந்து தேர்தல் அறிக்கையையும் எழுதியதாகவும் அதன் நிர்வாகி ஒருவர் கூறியதை, 2018 மார்ச்சில் சேனல் 4 தொலைக்காட்சி இரகசியக் கேமராவில் பதிவு செய்து வெளியிட்டது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் மீடியா நிறுவனம், ஒடிங்காவைப் பேரழிவின் உருவமாகச் சித்திரிக்கும் இணையப் பிரசாரத்தை 2017இல் உருவாக்கியது. பிரசாரத்தின் எழுத்தாளர் வேறு கண்டத்தில் இருப்பதால், கலவரம் மூண்டால் அதன் வெப்பம் அவரைத் தொடுவதில்லை. இந்த அனுபவங்களுக்குப் பின், 2019 நவம்பரில் கென்யா தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

2022 ஜூலையில் குளோபல் விட்னஸ் அமைப்பு, வெறுப்பைத் தூண்டும் விளம்பரங்களை ஆங்கிலத்திலும் சுவாகிலியிலும் ஃபேஸ்புக்குக்குச் சோதனையாக அளித்தபோது அவை ஏற்கப்பட்டன. சோதனை என்பதால் அவை வெளியிடப்படுவதற்கு முன் திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்கும் ஆப்பிரிக்க மொழிகளில் வரும் பதிவுகளைத் தணிக்கை செய்யும் பணியாளர்கள் நைரோபியிலேயே, சாமா என்ற ஒப்பந்த நிறுவனத்தின் கீழ், கடும் மன உளைச்சல் தரும் காட்சிகளைக் குறைந்த ஊதியத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் தொடர்ந்த வழக்குகளில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவைக் கென்ய நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்று 2023இல் தீர்ப்பாயிற்று. 2017இல் வெளிநாட்டுக் கணினியின் வாசலில் தடுக்கப்பட்ட கென்ய நீதித்துறை, இப்போது வெளிநாட்டு நிறுவனத்தைத் தன் வாசலுக்கு அழைக்கும் அதிகாரத்தை நிலைநாட்டியிருக்கிறது. சட்ட வரலாற்றில் இந்த நகர்வுக்குத் தனி இடம் உண்டு.

கென்யாவில் எழுந்த கேள்வி இந்தியாவிலும் வேறொரு படிவத்தின் பெயரில் நிற்கிறது. இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பொதுத்துறை நிறுவனங்களில் உருவானது. எழுத்தாளர் சுஜாதா என்று தமிழர் அறிந்த எஸ். ரங்கராஜன் பணியாற்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் அவற்றுள் ஒன்று, அவருக்கும் அந்தப் பணியில் பங்குண்டு. வெளிநாட்டு ஒப்பந்ததாரரின் கையில் திறவுகோல் சிக்கும் அவலம் அதனால் இங்கு நேரவில்லை, இது பெருமைக்குரியது. ஆனால் வெளிப்படைத்தன்மைக்குத் தடை உள்நாட்டு விதிகளிலிருந்தும் வரலாம். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியின் தலைமை அலுவலரும் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தின் முதற்பகுதியில் எழுதி, அதன் பிரதியை அங்கிருக்கும் முகவர்களுக்குத் தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் கூறுகின்றன. 2024 மக்களவைத் தேர்தலின்போது, இந்தப் படிவங்களைத் தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது. முகவர் அல்லாத எவருக்கும் அதைத் தர வேண்டிய சட்டக் கடமை இல்லை என்றும், படங்களைத் திரித்துப் பரப்பும் ஆபத்து உண்டு என்றும் ஆணையம் பதிலளித்தது; தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையில் தலையிட நீதிமன்றம் விரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், தேர்தல் தொடர்பான தாள்களைப் பொதுமக்கள் பார்வையிடுவது குறித்த 93ஆம் விதி திருத்தப்பட்டு, கேமராப் பதிவு போன்ற மின்னணு ஆவணங்கள் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

திரிக்கப்பட்ட படம் பற்றிய அச்சத்தைக் கென்யாவின் 2022 அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது வலுவிழக்கிறது. அதிகாரப்பூர்வப் பிரதி எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கும் இடத்தில், திரிக்கப்பட்ட பிரதியை ஒப்பிட்டு நொடியில் மறுக்கலாம். அது பூட்டப்பட்டிருக்கும் இடத்திலேயே போலிக்கு விலை ஏறுகிறது. இந்தியாவின் சாவடிகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை, கென்யாவைப் போல இருபது மடங்குக்கும் அதிகம் என்பது உண்மை. எனினும் ஒவ்வொரு சாவடியிலும் ஓர் அலுவலரும், அவர் கையெழுத்திட்ட ஒரு தாளும், பெரும்பாலான இடங்களில் ஒரு கைப்பேசி இணைப்பும் ஏற்கெனவே இருப்பதால், இணைப்பில்லாத சிற்றூர்களின் தாள்களை மறுநாள் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும். முகவருக்குப் பிரதி தரப்படுகிறதே என்ற வாதம், எல்லாச் சாவடிகளிலும் ஆள் நிறுத்தும் பலம் கொண்ட பெரிய கட்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் கொண்ட ஒரு மக்களவைத் தொகுதியில் போட்டியிடும் சுயேச்சை வேட்பாளருக்கும், சிறிய கட்சிக்கும், எந்தக் கட்சியையும் சாராமல் தம் ஊரின் கணக்கைத் தெரிந்துகொள்ள விரும்பும் வாக்காளருக்கும் இன்றைய விதிகளின்படி அந்தத் தாள் கிடைப்பதில்லை.